மடங்காத முன் சீட்: கோவைப் பட்டறைகளில் எந்த வேலை நிற்கும், எது நிற்காது

பின்னால் முன்னோக்கிய பெஞ்ச் போட்ட மாருதி ஜிப்சியில் ஏற வேண்டுமென்றால் முன் சீட் மடங்கியாக வேண்டும். பழைய மகிந்திரா ஜீப்பில் இடப்பக்கச் சீட்டுக்கு அடியில் ஜாக்கியும் ஸ்பேனரும் வைத்திருப்பவர்கள், நடுவழியில் டயர் பஞ்சரானால் முதலில் தூக்க வேண்டியது அந்தச் சீட்டைத்தான். ஆனால் பொள்ளாச்சி, உடுமலை, சத்தியமங்கலம் பக்கம் ஓடும் பல வண்டிகளில் நடப்பது வேறு. ஒருவர் லீவரை இழுத்துப் பிடிப்பார், இன்னொருவர் சாய்மானத்தைக் குலுக்குவார். டக்கென்று ஒரு பக்கம் விடும், மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். சீட் கோணிக்கொண்டு நிற்கும். "பழைய வண்டீன்னா அப்படித்தானுங்க" என்று சொல்லி அதோடு விட்டுவிடுகிறார்கள்.

வயதான வண்டி என்பதற்காக இதைப் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஒரு சீட்டுக்கு அரை நாள், லேத் வேலை சேர்ந்தால் ஒரு நாள். அவ்வளவுதான் பிடிக்கும். யாரிடம் கொடுக்கிறோம், அவர் என்ன செய்கிறார் என்பதில்தான் வித்தியாசம். இந்த வேலையைக் கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் மூன்று வகை இடங்களில் செய்து தருகிறார்கள்: குஷன் கடை, டிங்கர் வெல்டிங் பட்டறை, லேத் வைத்திருக்கும் அல்லது லேத்தோடு தொடர்புள்ள மெக்கானிக் பட்டறை. எங்கள் மதிப்பீட்டில் மூன்றாவதுதான் சரியான இடம். அங்கும் ஒரு நிபந்தனை உண்டு. சீட்டைத் தரையிலிருந்து கழற்றி மேசைமேல் வைத்துப் பார்ப்பவராக இருக்க வேண்டும். வண்டிக்குள் குனிந்து ஸ்பிரே அடித்து அனுப்பிவிடுகிற வேலை ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது.

நல்ல கைக்காரரை அவர் கேட்கும் முதல் கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடலாம். "ஏனுங்ண்ணா, லீவர் லூசா வருதுங்ளா, டைட்டா நிக்குதுங்ளா?" இதைக் கேட்டால் அவருக்கு வேலை தெரியும். லீவர் லொடலொடவென்று வந்து ஒன்றும் நடக்காவிட்டால் கேபிள் அறுந்திருக்கும், நீண்டிருக்கும், அல்லது இரண்டு பக்கத்தையும் இணைக்கும் கம்பி கழன்றிருக்கும். லீவர் கல் மாதிரி நின்றால் சாய்மானத்தைப் பிடித்து நிறுத்தும் கொக்கி, பல் தகட்டின் பல்லில் இறுகியிருக்கும், அல்லது அச்சு துருப்பிடித்திருக்கும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. இதைக் கேட்காமல் எண்ணெய் டப்பாவை எடுப்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

டைட்டாக நிற்கும் லீவருக்கு வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சீட்டில் உட்கார்ந்து முதுகால் சாய்மானத்தை நன்றாகப் பின்னுக்கு அழுத்துங்கள். அழுத்தியபடியே லீவரை இழுங்கள். இலேசாக வந்துவிட்டால் துருவைத் தேட வேண்டாம். சாய்மானத்தை முன்னால் தள்ளும் ஸ்பிரிங்கின் பாரம் முழுக்கக் கொக்கியின்மேல் இருக்கிறது, பல்லின் ஓரம் மழுங்கிப் பிசிர் தட்டியிருக்கிறது, அதனால்தான் கொக்கி எழும்ப மறுக்கிறது. பாரத்தை எடுத்தும் வரவில்லையென்றால் அச்சிலோ லீவர் இணைப்பிலோ துரு. அதன்பிறகு சாய்மானத்தின் இரண்டு மேல் மூலைகளையும் தனித்தனியாக ஆட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் ஆடி, மறுபக்கம் அசையாமல் நின்றால், சிக்கல் அசையாத பக்கத்தில். சில சீட்டில் பல் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும், மறுபக்கம் வெறும் அச்சுதான். அங்கே யாரும் எண்ணெய் விடுவதே இல்லை, அது நினைவில் இருக்கட்டும்.

உள்ளே இருப்பது எளிமையான பொறிதான். சாய்மானத்தின் அடியில் பல் வெட்டிய ஒரு தகடு. அந்தப் பல்லில் உட்காரும் ஒரு கொக்கி. லீவரை இழுத்தால் கொக்கி எழும்பும், கடிகார வில் மாதிரி சுருண்டிருக்கும் பட்டை ஸ்பிரிங் சாய்மானத்தை முன்னால் சாய்க்கும். கழற்றும்போது கவனம் வேண்டியது அந்த ஸ்பிரிங்கில். சாய்மானம் முழுக்க முன்னால் மடங்கிய நிலையில்தான் அதன் இழுவிசை மிகக் குறைவு. அந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் ஸ்பிரிங்கின் வளைந்த முனையைக் கொறடால் விடுவிக்க வேண்டும். நிமிர்ந்த நிலையில் தட்டிவிட்டால் விரலைக் கிழிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை இல்லாமல் இதைத் தொடக்கூடாது.

பிசிர் மட்டும்தான் என்றால் நைஸ் அரத்தால் இரண்டு மூன்று இழுப்பு போதும். பல்லின் ஆழத்தைக் கூட்டக்கூடாது, கொக்கியின் முனையை உருட்டக்கூடாது. பல் நிஜமாகவே தேய்ந்து வட்டமாகிவிட்டிருந்தால் பல் தகடும் கொக்கியும் சேர்ந்த அந்தப் பொறியை, அதாவது ரீக்ளைனரை, மாற்றத்தான் வேண்டும். தேய்ந்த பல்லின்மேல் வெல்டிங் வைத்து நிரப்பி, அரத்தால் பல் வெட்டித் தருகிறேன் என்று சொல்லும் பட்டறைகள் உண்டு. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்தச் சூட்டில் சுற்றியிருக்கும் இரும்பின் கடினம் போய்விடும், நிரப்பிய பல் ஒரு நாள் பாரத்தில் உதிரும். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக்கொண்டிருக்கும்போது ஓட்டுநரின் சாய்மானம் பின்னால் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் போதும். இந்த ஒரு வேலையை மட்டும் எந்தப் பட்டறையிலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

எண்ணெய் விஷயத்தில்தான் நம் ஊரில் அதிகத் தவறு நடக்கிறது. வீட்டில் கையில் கிடைப்பது தேங்காய் எண்ணெய். விட்டவுடன் லீவர் வழுக்கும், அதனால் நம்பிக்கை வரும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். வால்பாறையில் மார்கழிக் காலையில் வண்டியை எடுத்தால் ரீக்ளைனருக்குள் வெண்ணெய்தான் இருக்கும். வெயில் காலத்தில் அது நாள்பட்டுப் பிசினாகி, ஆடிக் காற்றில் பறக்கும் செம்மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் கேன்வாஸ் கூரை போட்ட வண்டிக்கு இது பெரிய கேடு. பிசினும் மணலும் சேர்ந்தால் அது வால்வு தேய்க்கும் பேஸ்ட் மாதிரி வேலை செய்யும். பழைய என்ஜின் ஆயில் விடுவதும் இதே கதைதான், கூடவே வேட்டியிலும் சேலையிலும் கறை.

டபிள்யூ.டி-40 பற்றி எல்லோரும் கேட்பார்கள். 1953-ல் நீரை வெளியேற்றுவதற்காக உருவான கலவை அது, பெயரில் இருப்பதும் அந்த அர்த்தம்தான். துருவில் இறங்கும், இறுகியதை இளக்கும், ஈரத்தைத் தள்ளும். அந்த வேலைக்கு நன்றாக இருக்கிறது, தாராளமாக வாங்கலாம். ஆனால் அதை இறுதி மசகாக நம்பினால் சில வாரத்தில் காய்ந்து, சீட் மறுபடி முனகத் தொடங்கும். முறை இதுதான்: ராத்திரி அடித்து ஊறவிட்டு, காலையில் லீவரை முன்னும் பின்னும் ஆட்டி இளக்கி, டீசலும் நைலான் பிரஷும் வைத்துப் பழைய கிரீஸை முழுக்கக் கழுவி, கம்ப்ரசர் காற்றில் உலர்த்தி, அதன்பிறகு புது மசகு. பல்லுக்கும் கொக்கி அச்சுக்கும் லித்தியம் கிரீஸ், 2-ஆம் எண் தடிமன். ஒரு பக்கத்துக்கு ஒரு சிட்டிகை, கொண்டைக்கடலை அளவு. அதற்குமேல் வைத்தால் வழிந்து மண்ணைத் தேடிப் போகும். சீட் முன்னும் பின்னும் நகரும் ரன்னர் தண்டவாளம் திறந்திருந்தால் அதற்கு ஈரப்பசை இல்லாத டெஃப்ளான் ஸ்பிரே எங்களுக்குப் பிடித்திருக்கிறது, மண் ஒட்டுவதில்லை. பிளாஸ்டிக் கட்டை வைத்த ரன்னர் என்றால் சிலிகான் ஸ்பிரே. பெட்ரோலில் கழுவுவதை விட்டுவிடுங்கள், பிளாஸ்டிக்குக்கும் ஆகாது, பட்டறைக்கும் ஆகாது.

துடைப்பதிலும் ஒன்று உண்டு. நம் பக்கத்துப் பட்டறை எல்லாவற்றிலும் திருப்பூர் பனியன் வேஸ்ட்தான் துடைக்கும் துணி. வெளிப்புறத்துக்கு அதைவிட நல்ல துணி கிடையாது. ரன்னரின் உட்பள்ளத்தை மட்டும் அதனால் துடைக்கக்கூடாது, நூல் பிரிந்து உள்ளே உருளும் இரும்புப் பந்துகளுக்கு நடுவே சுற்றிக்கொள்ளும். தென்னந்தோப்பு வண்டிகளில் இதே வேலையைத் தேங்காய் மட்டை நாரான மஞ்சி செய்கிறது. பொள்ளாச்சிப் பக்கத்து ஜீப் ஒன்றின் ரன்னரைப் பிரித்தால், ஒவ்வொரு பந்தைச் சுற்றியும் மஞ்சி நார் மோதிரம் மாதிரி இறுகியிருக்கும். ஊசிமுனைக் கொறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்கத்தான் வேண்டும், காற்றடித்தால் வராது.

சாய்மானம் மடங்கிய பிறகு சீட் முன்னால் நகரவும் வேண்டும். அங்கேதான் ரன்னரின் முறை வருகிறது. கழற்றும்போது எத்தனை பந்து, எத்தனை உருளை, எந்த வரிசை என்று இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பந்து குறைந்தாலே சீட் ஒரு பக்கம் முந்தி, மறுபக்கம் பிந்தி, கோணி நிற்கும். பந்து தேய்ந்திருந்தால் வெர்னியர் அளவுகோலில் அளந்து மாற்றலாம். சைக்கிள் கடையில் கிடைக்கும் பந்துகள் 6.35, 4.76, 3.97 மில்லிமீட்டர். அளவு ஒத்துவந்தால் அதையே போடலாம், ஒத்துவராவிட்டால் பேரிங் கடைக்குப் போக வேண்டும். நெருங்கிய அளவு என்று திணிக்காதீர்கள். ஓட்டுநர் சீட் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்பதால் பந்து உட்கார்ந்த இடத்தில் பள்ளத்தில் சிறு சிறு குழி விழுந்திருக்கும். நகத்தை ஓட்டினால் தட்டுப்படும். நகம் நிற்கும் அளவுக்குக் குழி இருந்தால் ரன்னரையே மாற்றுவது நல்லது. எவ்வளவு கிரீஸ் வைத்தாலும் அந்த இடத்தில் சீட் தடுக்கும்.

கேபிள் வைத்த சீட்டில் கேபிள் அறுந்தால் கம்பெனி பார்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சைக்கிள் பிரேக் கேபிளின் உள்கம்பி சுமார் 1.5 மில்லிமீட்டர். பெரும்பாலும் இதற்குப் போதுமான பலம். கியர் கேபிள் அதைவிட மெல்லியது, அதை வாங்காதீர்கள். முனையில் திருகாணி வைத்த நிப்பிள் போட்டு, லீவர் முனையில் 2 முதல் 3 மில்லிமீட்டர் தளர்வு விட வேண்டும். தளர்வே இல்லாமல் இழுத்துக் கட்டினால் லீவர் மென்மையாக வரும், அதைப் பார்த்து மெச்சிக்கொள்வோம். ஆனால் கொக்கி பாதி எழும்பிய நிலையிலேயே நிற்கும். மேட்டில் ஏறும்போது அது விட்டுவிடும்.

பழைய மகிந்திரா ஜீப்பின் இடப்பக்கச் சீட் வேறு வகை. பல்லும் கிடையாது, ஸ்பிரிங்கும் கிடையாது. குழாய்ச் சட்டத்தின் முன்கால்கள் இரண்டும் தரைப் பிராக்கெட்டில் போல்ட் அச்சில் நிற்கும், சீட் முழுக்க முன்னால் கவிழும். இங்கே கோளாறு ஓட்டையில். போல்ட் நேராக ஓட்டையிலேயே உரசி உரசி, வட்ட ஓட்டை முட்டை வடிவமாகிவிடும். அப்புறம் ஒரு கால் ஏறி, ஒரு கால் இறங்கி, சட்டம் கோணிச் சிக்கும். பல பட்டறையில் செய்வது, போல்டை இன்னும் இறுக்குவது. இறுக்கினால் ஆடாது, மடங்கவும் மடங்காது. சிலர் பெரிய போல்ட் போடுவார்கள், ஆறு மாதத்தில் பழையபடி.

இந்த இடத்தில்தான் கோவையின் லேத் பட்டறைகளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஓட்டையை 12.1 மில்லிமீட்டருக்கு ரீமர் போட்டு வட்டமாக்கி, வெளிவிட்டம் 12, உள்விட்டம் 8.1 உள்ள ஒரு புஷ்ஷை, அதாவது குட்டைக் குழாயை, கன்மெட்டல் என்ற வெண்கல வகையில் கடைந்து தருவார்கள், போல்ட் 8 மில்லிமீட்டர். சூட்சுமம் புஷ்ஷின் நீளத்தில் இருக்கிறது. சீட் காலின் தகட்டுத் தடிமனைவிட 0.3 மில்லிமீட்டர் நீளமாக இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் பெரிய வாஷர் வைத்து போல்டை முழுக்க இறுக்கினால் இறுகுவது புஷ் மட்டும்தான். சீட்டின் கால் அந்தப் புஷ்ஷின்மேல் தாராளமாகச் சுழலும். ஆட்டமும் இல்லை, பிடிப்பும் இல்லை. தகடும் புஷ்ஷும் ஒரே நீளமாகக் கடைந்துவிட்டால் போல்டை இறுக்கியதும் கால் சிக்கும், அப்புறம் போல்டைத் தளர்த்தி ஓட்டுவார்கள், வேலை வீண். லேத்தில் கொடுக்கும்போதே தகட்டை வெர்னியரில் அளந்து, எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நட்டு கட்டாயம் நைலாக், அதாவது தளராமலிருக்க நைலான் வளையம் வைத்தது.

வெல்டிங் பட்டறைக்கு இந்த வேலையைக் கொண்டுபோவதில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. பழைய ஜீப் வகைகளில் டீசல் அல்லது பெட்ரோல் டேங்க் ஓட்டுநர் சீட்டுக்கு நேர் அடியில் இருக்கும். "சும்மா ஒரு பொட்டுதானுங்க, டேங்க் மேலே ஈரச்சாக்கு போட்டுக்கலாம்" என்பார்கள். கேட்காதீர்கள். சீட்டையும் பிராக்கெட்டையும் வெளியே எடுத்துத்தான் வெல்டிங் வைக்க வேண்டும். தரைப் பிராக்கெட்டே உடைந்திருந்தால் டேங்க்கை இறக்கி, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிய பிறகே வேலை. காலி டேங்க்கில் நிற்கும் ஆவி, எரிபொருள் நிறைந்த டேங்க்கைவிட ஆபத்து.

குஷன் கடைகளைப் பற்றி ஒரு வார்த்தை. தையல் வேலையில் நம் வட்டாரக் குஷன் கடைகளை மிஞ்ச ஆளில்லை. கெடுப்பது வேறு ஒன்று. சொகுசாக இருக்கட்டும் என்று சாய்மானமும் இருக்கையும் சேரும் மூலையில் கூடுதலாக ஃபோம் திணிப்பார்கள். சாய்மானம் மடங்கும்போது அந்த ஃபோம் நசுங்கி எதிர்த்து நிற்கும், லீவர் துணிக்குள் புதையும். புதுக் கவர் போட்ட வாரத்திலிருந்துதான் மடங்கவில்லை என்றால் மெக்கானிக்கிடம் போகவே வேண்டாம், கவரைக் கழற்றி ஒரு முறை மடக்கிப் பாருங்கள். தடிமனான தரை மேட்டிங்கும் இதே மாதிரி. சீட்டின் நான்கு பாதங்களில் ஒன்றோ இரண்டோ மட்டும் மேட்டிங்கின்மேல் ஏறி உட்கார்ந்தால் ரன்னர் முறுக்கிக்கொள்ளும். நான்கு பாதத்துக்கு அடியிலும் மேட்டிங்கை வெட்டி எடுத்துவிட வேண்டும்.

உக்கடம் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளில் முழுச் சீட்டாகவே எடுத்துப் போடலாமே என்று கேட்பவர்களுக்கு: போடலாம், ரன்னரும் ரீக்ளைனரும் நன்றாக இருந்தால் அதுதான் சிக்கனமான வழி. கடைக்குப் போகும்போது டேப்பும் உங்கள் வண்டியின் நான்கு போல்ட் ஓட்டைகளின் இடைவெளியும் கையில் இருக்கட்டும், குறுக்களவுகள் இரண்டும் சேர்த்து. சீட்டைத் தரையில் வைத்து, லீவரைத் தொடாமல் சாய்மானத்தைப் பலமாகப் பின்னால் தள்ளுங்கள். கிர்ரென்று ஒரு பல் நகர்ந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியின் சீட் என்றால் ஃபோமுக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங் கம்பி செதில் செதிலாக உதிரும், கையை விட்டுத் தடவிப் பார்க்கலாம்.

திருப்பிப் பூட்டும்போது அவசரம் கூடாது. ஜிப்சி மாதிரி ஜப்பானிய வழி வந்த வண்டியில் 8 மில்லிமீட்டர் போல்டுக்குப் பெரும்பாலும் 12 ஸ்பேனர், கடையில் வாங்கும் சாதாரண போல்டுக்கு 13. பழைய ஜீப்பில் அங்குல மரை, 5/16 போல்டுக்கு 1/2 ஸ்பேனர். மில்லிமீட்டர் போல்டை அங்குல மரையில் ஏற்றி மரையைத் தின்றுவிட்ட தரைகள் ஏராளம். கடையில் வாங்கும் மில்லிமீட்டர் போல்டின் தலையில் 8.8 என்ற எண் இருக்க வேண்டும், எண்ணில்லாதது சீட்டுக்கு ஆகாது. நான்கையும் முதலில் கையால் மட்டும் ஏற்றிவிட்டு, சீட்டை முழுக்க முன்னும் பின்னும் மூன்று முறை ஓட்ட வேண்டும். அதுவே ரன்னரை ஒன்றுக்கொன்று இணையாக உட்கார வைக்கும். பிறகு சீட்டைப் பின்னால் தள்ளி முன் போல்டுகள், முன்னால் தள்ளிப் பின் போல்டுகள். 8 மில்லிமீட்டர் என்றால் சுமார் 25 நியூட்டன் மீட்டர் இறுக்கம், டார்க் ரெஞ்ச் இருக்கும் பட்டறையாகப் பாருங்கள். இரண்டு ரன்னருக்கும் இடையே முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு எடுத்தால் வித்தியாசம் 1 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பெல்ட் பக்கிளைக் கழற்றியிருந்தால் அதன் பழைய போல்டையே திருப்பிப் போடுங்கள். பல வண்டிகளில் அது 7/16 அங்குலம், பக்கத்துக் கடைப் போல்ட் அதற்குப் பொருந்தாது.

வண்டியை எடுக்கப் போகும்போது கவர் மாட்டுவதற்கு முன்னால் போய்விடுங்கள். சட்டம் வெறுமையாக இருக்கும்போதே இருபது முறை மடக்கி நிமிர்த்துங்கள். இரண்டு பக்கமும் பல் இருக்கும் சீட்டில் ஒவ்வொரு முறையும் இரண்டும் ஒரே நேரத்தில் டக்கென்று உட்காரும் சத்தம் கேட்க வேண்டும். முன்னதும் பின்னதுமாக இரண்டு சத்தம் கேட்டால் இணைப்புக் கம்பியில் இன்னும் ஆட்டம் இருக்கிறது, அங்கேயே சரிசெய்யச் சொல்லுங்கள். உட்கார்ந்து முதுகால் பலமாக அழுத்திப் பாருங்கள், லீவர் தானாக அசையக்கூடாது. மாற்றிய பழைய பந்து, புஷ், கேபிள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுத் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள், மறுபக்கச் சீட்டுக்கு அதே அளவு தேவைப்படும்.